எங்கே போகிறது காரீயம்? .22 ரைஃபிள் ஒலி அடக்கிகளைச் சுத்தம் செய்வது குறித்த வாதங்களும் சான்றுகளும்

துப்பாக்கிக் குழலின் முனையில் திருகப்படும் ஒலி அடக்கியைப் பேச்சுவழக்கில் சைலன்சர் என்கிறோம். அமெரிக்கப் பொறியாளர் ஹைரம் பெர்சி மாக்சிம் 1909-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். குண்டைத் தொடர்ந்து குழலிலிருந்து சீறி வரும் வெப்ப வாயுவைத் தொடர்ச்சியான தட்டுகளுக்கு இடையே சிக்கவைத்து, விரியவும் ஆறவும் விட்டு, மெதுவாக வெளியே அனுப்புவதுதான் அதன் வேலை. அடிப்படை ஏற்பாடு இன்றும் அதுவே. வாயுவைப் பிடித்து வைக்கும் எதுவும் அந்த வாயு சுமந்து வரும் கசடையும் பிடித்து வைக்கும். ஆகவே இந்தக் கருவியோடு கூடவே ஒரு கேள்வியும் வந்தது: உள்ளே படிவதை என்ன செய்வது?

உயர் அழுத்த ரைஃபிள்களில் இது பெரிய சிக்கலாகக் கருதப்படவில்லை. .22 ரிம்ஃபயர் என்ற சிறிய தோட்டாவில்தான் சிக்கல் முற்றியது. சுத்தமே செய்யாதே என்றது ஒரு தரப்பு. சுரண்டு என்றது இன்னொன்று. வேதிக் கரைசலில் ஊறப்போடு என்றது மூன்றாவது. படியவே விடாதே என்று பிற்பாடு மற்றொரு தரப்பு வந்தது. இந்த விவாதம் பெரும்பாலும் எது வேகமானது, எது உலோகத்தைக் கெடுக்காது என்ற அளவிலேயே நடந்துவந்தது. உள்ளே இருப்பது காரீயம். அதை எந்த முறையாலும் அழிக்க முடியாது. ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாற்றத்தான் முடியும். எந்த வடிவில், எந்த இடத்துக்கு என்ற கேள்வியை முன்னால் வைத்துப் பார்த்தால் பழைய நிலைப்பாடுகளின் பலமும் பலவீனமும் வேறு வரிசையில் தெரிகின்றன.

இந்தத் தோட்டாவில் மட்டும் ஏன்

.22 லாங் ரைஃபிள் தோட்டா 1887-இல் அமெரிக்காவில் அறிமுகமானது. ஒலிம்பிக் 50 மீட்டர் ரைஃபிள் போட்டியில் சுடப்படுவதும், முயல், அணில் வேட்டையில் பயன்படுவதும், புதியவர்கள் சுடக் கற்றுக்கொள்வதும் பெரும்பாலும் இதைக் கொண்டுதான். வழக்கமான குண்டின் எடை 40 கிரெய்ன், அதாவது ஏறக்குறைய 2.6 கிராம். பெரும்பாலான குண்டுகள் வெறும் காரீயம். மேலே மெழுகு பூசியிருக்கும், அல்லது மிக மெல்லிய செப்புப் பூச்சு இருக்கும். பெரிய ரைஃபிள் குண்டுகளில் உள்ளதுபோன்ற தடித்த செப்பு உறை இதற்குக் கிடையாது.

தோட்டாவைப் பற்றவைக்கும் பிரைமர் கலவை, கூட்டின் விளிம்பு மடிப்புக்குள் பூசப்பட்டிருக்கும். ரிம்ஃபயர் என்ற பெயருக்குக் காரணம் இதுதான். அந்தக் கலவையின் முக்கியப் பொருள் காரீய ஸ்டிஃப்னேட். உராய்வுக்காகக் கண்ணாடித் தூளும் சேர்ப்பதுண்டு. சுட்டவுடன் குண்டின் அடிப்பாகத்திலிருந்தும் பக்கங்களிலிருந்தும் உரசி வரும் காரீயம், பிரைமரிலிருந்து வரும் காரீயம், எரியாத வெடிமருந்துத் துணுக்கு, கரி, உருகிய மெழுகு எல்லாம் ஒன்றாக ஒலி அடக்கிக்குள் நுழைகின்றன.

அடுத்தது அழுத்தம். அமெரிக்கத் தோட்டா உற்பத்தியாளர் தர அமைப்பு .22 லாங் ரைஃபிளுக்கு அனுமதிக்கும் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 24,000 பவுண்டு. .223 ரெமிங்டன் என்ற நடுத்தர ரைஃபிள் தோட்டாவுக்கு அது 55,000. பெரிய தோட்டாக்களின் வேகமும் வெப்பமும் மிக்க வாயு, படிந்ததில் ஒரு பகுதியைத் தானே அரித்துத் தள்ளிவிடுகிறது என்பது பொதுவான விளக்கம். .22-இன் வாயுவுக்கு அந்த வலு இல்லை. உருகிவந்த காரீயம் முதல் தட்டில் மோதி உறைந்து, அதன்மேல் கரி படிந்து, அடுத்த அடுக்குக் காரீயம் அதன்மேல் ஏறிக்கொள்கிறது.

அளவை ஒரு கணக்கால் உணரலாம். 500 தோட்டாக்கள் கொண்ட ஒரு பெட்டியில் 1.3 கிலோ காரீயம் இருக்கிறது. அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு மட்டும் உள்ளே தங்கினால்கூட 1.3 கிராம், அதாவது 13 லட்சம் மைக்ரோகிராம். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021-இல் குழந்தைகளுக்கு வகுத்த எச்சரிக்கை அளவு, ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் 3.5 மைக்ரோகிராம். ஐந்து லிட்டர் இரத்தம் உள்ள ஒரு பெரியவரின் உடலில் அந்த அளவை எட்ட, இரத்தத்தில் மொத்தம் 175 மைக்ரோகிராம் இருந்தால் போதும். விழுங்கிய காரீயம் முழுவதும் இரத்தத்தில் கலப்பதில்லை. பெரியவர்களில் பத்தில் ஒரு பங்கு அளவும், சிறு குழந்தைகளில் பாதி வரையிலும் உறிஞ்சப்படலாம் என்பது ஏற்கப்பட்ட மதிப்பீடு. அந்தத் தள்ளுபடியைக் கொடுத்த பிறகும் மேசைமேல் இருக்கும் பொருளுக்கும் அந்த எச்சரிக்கை அளவுக்கும் உள்ள இடைவெளி மிகப் பெரியது.

தொடாதே என்றவர்கள்

முதல் நிலைப்பாட்டுக்குத் தோற்றுவாய் வடிவமைப்பிலேயே இருக்கிறது. பழைய ஒலி அடக்கிகள் பல, பற்றவைத்து மூடப்பட்டவை. திறக்க வழியில்லாத ஒன்றைச் சுத்தம் செய்யும் பேச்சுக்கே இடமில்லை. அதிலிருந்து ஒரு கோட்பாடும் உருவானது: படிவு ஓரளவு வளர்ந்தபின் தானே நின்றுவிடும்; மேலும், முதல் தட்டின்மேல் உள்ள கரிப்படலம் உலோகத்தை வாயு அரிப்பிலிருந்து காக்கும்.

பெரிய தோட்டாக்களைப் பொறுத்தவரை இதில் உண்மை இருக்கலாம். .22-க்கு இது பொருந்துவதாகத் தெரியவில்லை. படிவு கூடக் கூட வாயு விரிவதற்கான உள்வெளி குறைகிறது, எடை ஏறுகிறது. தட்டுகளும் வெளி உறையும் ஒன்றோடொன்று காரீயத்தால் ஒட்டிக்கொள்கின்றன. அப்படி இறுகிப்போன பிறகு அதைத் திறக்கச் சுத்தியலும் வைஸும் தேவைப்படுகின்றன, தட்டுகள் வளைகின்றன. வளைந்த தட்டைக் குண்டு உரசினால் கருவியும் சுடுபவரும் ஆபத்துக்கு உள்ளாகலாம்.

ஆனாலும் இந்தத் தரப்பை முழுதாக ஒதுக்கிவிட முடியாது. காரீயம் உள்ளே மூடிக் கிடக்கும்வரை யார் மூச்சிலும் கலப்பதில்லை. அளவுக்கு மீறிச் சுத்தம் செய்வதும் காரீயத்துக்கு ஆளாவதுதான் என்ற அவர்களுடைய எண்ணத்தை அவர்களே தெளிவாகச் சொல்லவில்லை; ஆனால் அதில் நியாயம் இருக்கிறது. ரிம்ஃபயர் ஒலி அடக்கிகள் கழற்றிப் பூட்டும் வடிவில் பரவலாக வந்தபின் 'தொடாதே' என்ற குரல் தேய்ந்து, 'எப்போது தொடுவது' என்று மாறியது. பயனுள்ள ஒரு பதில் எடையிலிருந்து வந்தது. புதிதாக இருக்கும்போது நிறுத்து எழுதி வைத்து, எத்தனை கிராம் கூடியிருக்கிறது என்று பார்ப்பது. தோட்டா எண்ணிக்கையை வைத்துச் சொல்லப்படும் கணக்குகளைவிட இது நம்பகமானது. தோட்டாவின் தயாரிப்பும் குழலின் நீளமும் மாறினால் படிவின் வேகமும் மாறுகிறது.

சுரண்டுவதும் உருட்டுவதும்

மிகப் பழைய முறை கைவேலை. மரக் குச்சி, பிளாஸ்டிக் சுரண்டி, பித்தளைத் தூரிகை, பல் மருத்துவர் கொக்கி. இதன் நற்குணம் எளிதில் கண்ணில் படாது: காரீயம் கட்டியாகவும் செதிலாகவும் உதிர்கிறது. கட்டியான காரீயத்தைப் பொறுக்கி ஒரு டப்பாவில் போட்டு மூடிவிடலாம். அது காற்றில் பறக்காது, நீரில் எளிதில் கரையாது.

இந்த நற்குணம் ஈரத்தோடு செய்தால் மட்டுமே நிலைக்கும். எண்ணெயிலோ கரைப்பானிலோ நனைக்காமல் உலர்வாகச் சுரண்டினால் தூசி எழும். பொறுமையிழந்து கிரைண்டரில் கம்பித் தூரிகையைப் பூட்டித் தேய்ப்பவர்கள், கட்டியாக இருந்த காரீயத்தை நுரையீரலுக்குள் போகக்கூடிய துகளாக்குகிறார்கள். நுண்மணிகளை அழுத்தக் காற்றோடு பீய்ச்சும் முறையிலும், மூடிய பெட்டியும் வடிகட்டியும் இல்லாவிட்டால் இதே கேடுதான். கம்ப்ரசர் காற்றால் மேசையை ஊதிச் சுத்தம் செய்வது அறை முழுவதற்கும் பங்கு வைப்பதற்குச் சமம்.

சூடாக்கி வடிப்பது என்றொரு யோசனையும் அவ்வப்போது எழுகிறது. காரீயம் 327.5 டிகிரி செல்சியஸில் உருகும் என்பதால் அது எளிதாகத் தோன்றுகிறது. ஆனால் 480 டிகிரியைத் தாண்டினால் குறிப்பிடத்தக்க அளவு காரீயப் புகை எழத் தொடங்குகிறது. கை டார்ச்சின் சுடர் அந்த எல்லையைக் கணத்தில் கடக்கும். அலுமினியப் பாகங்கள் அதற்கு முன்பே தம் உறுதியை இழக்கும். சமையல் அடுப்பிலோ ஓவனிலோ இதைச் செய்வது குறித்து விவாதிக்கவே ஒன்றுமில்லை. அதே அடுப்பில்தான் குழந்தைக்கும் சோறு ஆகிறது.

துருப்பிடிக்காத எஃகு ஊசிகளோடும் சோப்பு நீரோடும் சுழல் உருளையில் இட்டு உருட்டுவது அண்மைக்கால முறை. ஈரமாக நடப்பதால் தூசி இல்லை. கைக்கு வேலையும் குறைவு. ஆனால் உருளையிலிருந்து வெளிவரும் சாம்பல் நிற நீர் முழுதும் காரீயத் துகள். எலுமிச்சை அமிலம்போன்ற புளிப்புப் பொருளைச் சேர்த்திருந்தால் ஒரு பகுதி கரைந்தும் இருக்கும். அந்த நீரைத் தொட்டியில் ஊற்றிவிடும் பழக்கமே இந்த முறையின் பெரிய ஓட்டை. அதே உருளையையும் ஊசிகளையும் பிறகு வேறு எதற்கும் பயன்படுத்துவதும் தவறு.

மீயொலித் தொட்டியைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. நீரில் நுண்குமிழிகள் உடையும் விசை கரியையும் மெழுகையும் நன்றாகப் பிரிக்கிறது. மிருதுவான காரீயத்திடம் பெரும்பாலும் தோற்கிறது. காரக் கரைசல் பயன்படுத்தினால் அலுமினியம் கெடும். பிற முறைகளுக்குத் துணையாக மட்டும் இதற்கு இடமுண்டு.

வினிகரும் பெராக்சைடும்

இந்த விவாதத்தில் மிகக் கவனமாகப் பார்க்க வேண்டிய இடம் இது. மளிகைக் கடை வினிகரையும் மருந்துக் கடை ஹைட்ரஜன் பெராக்சைடையும் கலந்து பாகங்களை ஊறவைத்தால் காரீயம் தானே மறைந்துவிடுகிறது. அமெரிக்கத் துப்பாக்கியாளரிடையே இதற்கு 'தி டிப்' என்றே பெயர். எஃகும் டைட்டானியமும் கலவையைத் தாங்குகின்றன, சுரண்ட வேண்டியதில்லை, மலிவு. இந்த முறை பரவியதற்குக் காரணம் எளிமையானது: அது உண்மையிலேயே வேலை செய்கிறது.

எப்படி வேலை செய்கிறது என்பதில்தான் ஆபத்தும் இருக்கிறது. பெராக்சைடு காரீயத்தை ஆக்சிஜனேற்றம் செய்கிறது. வினிகரில் உள்ள அசிட்டிக் அமிலம் அதோடு சேர்ந்து காரீய அசிட்டேட் ஆகிறது. கண்ணுக்கு மறைந்ததே தவிர, காரீயம் அத்தனையும் நீரில் இருக்கிறது. உலோகக் கட்டியாக இருந்தபோது இல்லாத ஒரு திறனோடு இருக்கிறது. உலோகக் காரீயத்தைவிட இந்த உப்பு வயிற்றில் மிக எளிதாக உறிஞ்சப்படும். இதற்கு இனிப்புச் சுவையும் உண்டு. 'காரீயச் சர்க்கரை' என்ற பழைய பெயர் அதனால் வந்தது. கரைசலை ஆவியாக விட்டால் மிஞ்சுவது இனிப்பான வெண்படிகம். குழந்தையோ நாயோ நடமாடும் வீட்டில் இதைவிட மோசமான எச்சத்தை நினைத்துப் பார்ப்பது கடினம்.

கழிவின் செறிவையும் பார்க்க வேண்டும். அரை லிட்டர் கரைசலில் 10 கிராம் காரீயம் கரைந்ததாக வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 20,000 மில்லிகிராம் ஆகிறது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, கழிவிலிருந்து கசியும் நீரில் லிட்டருக்கு 5 மில்லிகிராம் காரீயம் இருந்தால் அதை அபாயக் கழிவு என வகைப்படுத்துகிறது. அதைப்போல 4,000 மடங்கு இது. குடிநீரில் நடவடிக்கை எடுக்க அந்த முகமை நெடுங்காலம் வைத்திருந்த லிட்டருக்கு 15 மைக்ரோகிராம் வரம்போடு ஒப்பிட்டால் பத்து லட்சம் மடங்கைத் தாண்டும். வீட்டுக் கழிவு என்ற வகையில் கூட்டாட்சி விதியின் கடுமையிலிருந்து தனிநபருக்கு விலக்கு உண்டு என்று சிலர் வாதிடுகிறார்கள். சட்டப்படி அதில் உண்மை இருந்தாலும், சாக்கடையில் ஊற்றிய காரீயத்துக்கு அந்த விலக்கு தெரியாது.

இந்த முறையை ஆதரிப்பவர்கள் ஒரு திருத்தத்தையும் முன்வைக்கிறார்கள். எப்சம் உப்பைச் சேர்த்தால் காரீயம் சல்ஃபேட்டாக அடியில் படிந்துவிடும், மேல்நீரை ஊற்றிவிடலாம் என்கிறார்கள். வேதியியல் ஓரளவுக்குச் சரி. ஆனால் காரீய சல்ஃபேட்டும் தூய நீரில் லிட்டருக்குச் சுமார் 40 மில்லிகிராம் வரை கரையும். சல்ஃபேட் மிகுதியாக இருந்தால் இது குறையும் என்றாலும், வீட்டில் அளந்து பார்க்க வழியில்லை. கரைந்திருந்ததைச் சேறாக்கிக் கையாள எளிதாக்கலாம். மேல்நீர் பாதுகாப்பானது என்று அறிவிக்க முடியாது. அடியில் படிந்த சேற்றையும் அபாயக் கழிவு சேகரிப்பு மையத்திடம்தான் கொடுக்க வேண்டும்.

உலோகத்துக்கு வரும் கேடும் சிறியதல்ல. பல ரிம்ஃபயர் ஒலி அடக்கிகளின் தட்டுகள் எடை குறைப்பதற்காக அலுமினியத்தில் செய்யப்பட்டவை. இந்தக் கலவை அலுமினியத்தை அரிக்கும் என்று உற்பத்தியாளர்கள் எச்சரிக்கிறார்கள். பெராக்சைடு சிதையும்போது ஆக்சிஜன் வெளிவருவதால், கலவையைப் புட்டியில் இறுக மூடி வைத்தால் அழுத்தம் ஏறி வெடிக்கவும் கூடும். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால், வேலையை மிச்சப்படுத்தும் இந்த முறை, கையாள எளிதான ஒரு கழிவைக் கையாள மிகக் கடினமான கழிவாக மாற்றுகிறது. இதற்குச் சமமான பயன் எதுவும் எனக்குத் தெரியவில்லை. வேறு வழியே இல்லாத, திறக்க முடியாத எஃகு ஒலி அடக்கி மட்டுமே விதிவிலக்காகலாம். அதையும் உற்பத்தியாளருக்கு அனுப்புவதே மேல்.

தோல் வழியாகவா, வாய் வழியாகவா

மேற்சொன்ன கலவையைப் பற்றி எச்சரிப்பவர்கள் வழக்கமாகச் சொல்லும் காரணம், காரீய அசிட்டேட் தோல் வழியாக உடனே இரத்தத்தில் ஏறும் என்பது. எச்சரிக்கை சரி, காரணம் முழுவதும் சரியல்ல. காரீய அசிட்டேட் பல ஆண்டுகள் தலைமுடிச் சாயங்களில் இருந்த பொருள். அந்தச் சாயங்களை வைத்து மனிதரிடம் நடந்து 1980-இல் வெளியான ஓர் ஆய்வு, காயமில்லாத தோல் வழியே உறிஞ்சப்படுவது ஒரு விழுக்காட்டுக்கும் மிகக் குறைவு என்று கண்டது. தோலை எளிதில் ஊடுருவுவது, பழைய பெட்ரோலில் கலந்திருந்த டெட்ராஎத்தில் லெட் போன்ற கரிமக் காரீயச் சேர்மங்கள். இரண்டையும் குழப்பிக்கொள்வது இந்தப் பேச்சில் பரவலாக இருக்கிறது.

அந்த ஆய்வு ஆறுதல் தருவதாகத் தோன்றலாம். ஆனால் 2018-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அந்தச் சாயங்களுக்கான அனுமதியைத் திரும்பப் பெற முடிவு செய்தது. காரீயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்றை வகுக்க முடியாது என்ற புரிதல் இடைப்பட்ட காலத்தில் வலுப்பெற்றிருந்தது. தோலில் பட்டது தோலோடு நிற்பதுமில்லை. விரலிலிருந்து உதட்டுக்கும், சட்டையிலிருந்து சலவைக்கும், செருப்பிலிருந்து குழந்தை தவழும் தரைக்கும் போகிறது. அமெரிக்கத் தொழில்சார் உடல்நல ஆய்வு நிறுவனமான நியாஷின் ஆய்வாளர்கள், சோப்பும் நீரும் போட்டுக் கழுவிய பின்னும் கையில் காரீயம் மிஞ்சுகிறது என்று கண்டார்கள். அதை அகற்றவென்று தனியே துடைப்புத் துணி உருவானது அதன் விளைவு. கையுறையின் தேவை தோலைக் காப்பதைவிட வாயைக் காப்பதில் அதிகம்.

இந்த வேறுபாடு ஏட்டு நுணுக்கம் அல்ல. தோலே வழி என்று நம்புகிறவர் கலவையைத் தொடும்போது மட்டும் கையுறை போடுவார். உலர்ந்த தூசியைத் துடைக்கும்போதும் வேலை முடிந்து தேநீர் குடிக்கும்போதும் அசட்டையாக இருப்பார்.

வருமுன் காக்க நினைப்பவர்கள்

சுத்தம் செய்வதைவிடப் படியவிடாமல் தடுப்பது மேல் என்ற தரப்பு இரண்டு கிளைகளாகப் பிரிகிறது. முதல் கிளை பூச்சை நம்புகிறது. சுத்தமான தட்டுகளில் அதிக வெப்பம் தாங்கும் சிலிகோன் எண்ணெயை மெல்லப் பூசினால், காரீயம் உலோகத்தைப் பற்றிக்கொள்ளாமல் பின்னர் செதிலாக உரிகிறது. தடுப்பதாகச் சொன்னாலும் இது உண்மையில் படிவைக் குறைப்பதில்லை. ஒட்டும் பிடியைத்தான் தளர்த்துகிறது. ஆனால் நம் அளவுகோலில் இதற்கு மதிப்பு அதிகம். ஈரமாக, கட்டியாக, குறைந்த உழைப்பில் காரீயத்தை எடுக்க இது உதவுகிறது. அதிகமாகப் பூசினால் எண்ணெய் எரிந்து புகையும், சுடுபவர் முகத்தில் தெறிக்கும்.

இரண்டாவது கிளை தோட்டாவையே மாற்றச் சொல்கிறது. பாலிமர் பூசிய காரீயக் குண்டுகள் அண்மையில் சந்தைக்கு வந்துள்ளன. முழுதும் காரீயமில்லாத .22 குண்டுகளும் உண்டு. ஆனால் செம்பும் பாலிமரும் காரீயத்தைவிட எடை குறைந்தவை. சிசிஐ நிறுவனத்தின் காப்பர்-22 குண்டு 21 கிரெய்ன்தான். எடை குறைந்தால் வேகம் கூடும். ஒலியின் வேகமான நொடிக்குச் சுமார் 343 மீட்டரை அது நன்றாகத் தாண்டிவிடுகிறது. அப்போது குண்டு காற்றைக் கிழிக்கும் வெடிப்போசை எழுகிறது. அதை எந்த ஒலி அடக்கியாலும் தடுக்க முடியாது. ஒலி அடக்கிக்கு ஏற்ற மெதுவான குண்டுக்குக் கனம் வேண்டும், கனத்துக்கு மலிவான வழி காரீயம்தான். இந்த முடிச்சு இன்னும் அவிழவில்லை.

சட்டம் போடும் எல்லை

பராமரிப்பு முறையைச் சட்டமும் வடிவமைத்திருக்கிறது. அமெரிக்காவில் 1934-ஆம் ஆண்டின் தேசியத் துப்பாக்கிச் சட்டம் ஒலி அடக்கியைப் பதிவுக்கு உட்படுத்தி 200 டாலர் வரி விதித்தது. 2026 ஜனவரி 1 முதல் அந்த வரி பூஜ்யமாகியிருக்கிறது, பதிவு தொடர்கிறது. ஒலி அடக்கிக்கென்றே செய்யப்பட்ட ஒரு பாகமும் சட்டத்தின் பார்வையில் ஒலி அடக்கிதான். எனவே உரிமையாளர் கழற்றிச் சுத்தம் செய்யலாம். உதிரித் தட்டுகளை வாங்கி வைத்துக்கொள்ள முடியாது. கெட்டுப்போன தட்டை உரிமம் பெற்ற நிறுவனம்தான் மாற்றித்தர வேண்டும். கடுமையான அமிலமோ சுத்தியலோ தட்டைக் கெடுத்தால் அங்கே அது பொருள் நட்டத்தோடு நிற்பதில்லை, சட்டச் சிக்கலும் ஆகிறது. நியூசிலாந்து, நோர்வே போன்ற நாடுகளில் வேட்டைக்காரர்கள் ஒலி அடக்கியை ஒரு சாதாரணச் செவிப் பாதுகாப்புக் கருவியாக வாங்குகிறார்கள். அங்கே தேய்ந்ததைத் தூக்கிப்போட்டுப் புதியது வாங்குவது எளிது. அமெரிக்காவில் ஒன்றையே பல்லாண்டு காக்கும் பழக்கம் வளர்ந்ததற்குச் சட்டமும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இப்போதைக்கு ஏற்கத்தக்கது

சான்றுகளை எடைபோட்டால், உற்பத்தியாளர் கழற்ற அனுமதிக்கும் கருவிகளில் ஈரமான கைவேலையே முன்னிற்கிறது. துப்பாக்கியில் தோட்டா இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்த பிறகே ஒலி அடக்கியைக் கழற்ற வேண்டும். ஒவ்வொரு பாகமும் எந்த உலோகம் என்று தெரிந்திருக்க வேண்டும். கழற்றும்போது தட்டுகளின் வரிசையும் திசையும் குறிக்கப்பட வேண்டும். மாற்றிப் பூட்டினால் குண்டு உள்ளே மோதும்.

வேலையிடம் சமையலறைக்கும் குழந்தைகளுக்கும் தொலைவில், காற்றோட்டத்தோடு, துடைத்து எறியக்கூடிய விரிப்போடு இருக்க வேண்டும். நைட்ரைல் கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் தேவை. பாகங்களை எண்ணெயில் ஊறவைத்து, ஈரம் காயாமல் சுரண்டி, கசடையும் துணியையும் கரைப்பானையும் மூடியிட்ட டப்பாவில் பெயர் எழுதிச் சேர்த்து, அபாயக் கழிவு மையத்தில் ஒப்படைக்க வேண்டும். சாதாரண வாக்வம் கிளீனர் நுண்துகளை மறுபக்கம் ஊதிவிடும். ஈரத்துணியால் துடைப்பதே நல்லது. உடுப்பைத் தனியே துவைக்க வேண்டும். கையையும் முகத்தையும் கழுவும்வரை உண்பது, குடிப்பது, புகைப்பது கூடாது. கருவுற்றிருப்பவர்கள் இந்த வேலையின் பக்கம் வராமலிருப்பதே சரி. அடிக்கடி சுடுபவர்கள் ஆண்டுக்கொருமுறை இரத்தத்தில் காரீய அளவைப் பார்த்துக்கொள்வது மிகையான முன்னெச்சரிக்கை ஆகாது. இரத்தத்தில் காரீயத்தின் அரை ஆயுள் ஒரு மாத அளவுதான். எலும்புக்குள் போனது பல பத்தாண்டுகள் தங்கும்.

தீராதவை

காரீய வெளிப்பாட்டுக்கான வரம்புகளே நகர்ந்துகொண்டிருக்கின்றன. அமெரிக்கத் தொழிலிடங்களுக்கான 1978-ஆம் ஆண்டு விதி, காற்றில் கன மீட்டருக்கு 50 மைக்ரோகிராம் வரை அனுமதித்தது. பாதுகாப்புத் துறையின் சுடுதளப் பணியாளர்களைப் பற்றி அமெரிக்கத் தேசிய ஆய்வுக் குழு 2012-இல் தந்த அறிக்கை, அந்த வரம்பு போதிய காப்பு அளிக்கவில்லை என்று முடிவு செய்தது. கலிஃபோர்னியா 2025 தொடக்கத்தில் தன் வரம்பை 10 மைக்ரோகிராமாகக் குறைத்தது. வீட்டுக் கொட்டகையில் சுத்தம் செய்யும் தனிநபருக்கு இந்த வரம்புகள் எதுவும் பொருந்தா. அவரைக் கண்காணிப்பாரும் இல்லை.

ஆய்வுகள் பெரும்பாலும் சுடுதளத்தின் காற்றையும் சுடுபவர்களின் இரத்தத்தையும் அளந்தவை. சுடும்போது வந்த காரீயம் எவ்வளவு, பின்னர் மேசையில் சுத்தம் செய்யும்போது வந்தது எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பது தனி வேலை. தானியங்கி ரைஃபிளில் ஒலி அடக்கி பூட்டினால் வாயுவின் ஒரு பங்கு பின்னோக்கித் திரும்பிச் சுடுபவர் முகத்தருகே வெளியேறுவதால் அந்தப் பிரிப்பு மேலும் சிக்கலாகிறது. செவியைக் காக்கும் கருவி மூச்சில் எவ்வளவு சேர்க்கிறது என்பதும் இதே கணக்கில் வர வேண்டியது.

தோட்டாப் பக்கத்திலும் விடை முழுமையாகவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் ஈரநிலங்களில் காரீயச் சன்னங்களை 2023 பிப்ரவரி முதல் தடைசெய்தது. ஐரோப்பிய ரசாயன முகமை 2021-இல் முன்வைத்த திட்டம் அதைவிடப் பரந்தது. பாலிமர் பூச்சு குண்டிலிருந்து உரசி வரும் காரீயத்தைக் குறைத்தாலும், பிரைமரில் உள்ள ஸ்டிஃப்னேட் அப்படியே இருக்கிறது. உள்ளே படிவதில் எந்தப் பங்கு குண்டுடையது, எந்தப் பங்கு பிரைமருடையது என்பதைத் தோட்டா வகை வாரியாக நிறுத்துப் பார்ப்பது கடினமான ஆய்வு அல்ல. ஒரே கருவி, ஒரே குழல், சுத்தம் செய்வதற்கு முன்னும் பின்னும் எடை, மேசையில் துடைத்தெடுத்த மாதிரி, செய்தவரின் இரத்தப் பரிசோதனை ஆகியவை போதும். தனித்தனி உரிமையாளர்களின் அனுபவத்தை நம்பி நடக்கும் இந்த விவாதத்துக்கு அத்தகைய அளவீடுகள்தான் அடுத்த தேவை.